மரம் அறுக்கும் மெஷின் வாங்கும்போது யாரும் கேட்காத எண்

பிராட்வே, செம்புதாஸ் தெரு பக்கம் மரம் அறுக்கும் மெஷின், அதாவது செயின் சா, விற்கிற கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வாங்க வருகிறவர்களின் கேள்விகள் பிடிபட்டுவிடும். எத்தனை எச்பி? எத்தனை இன்ச் பிளேடு? கடைசி விலை என்ன? கொஞ்சம் விவரமான ஆளென்றால் ஸ்பேர் கிடைக்குமா என்றும் கேட்பார். பிடித்தால் கை எவ்வளவு அதிரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கல்லாவில் இருப்பவரிடம் பதில் இருக்காது. பெட்டிக்குள் பாலிதீன் உறையில் கிடக்கும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அது இருக்கும்.

அந்தப் பக்கம்தான் முக்கியம் என்பது என் கட்சி. சக்தியும் எடையும் அன்றைக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதிர்வு, பிடிக்கிற ஆளின் விரல்கள் இன்னும் எத்தனை வருஷம் சட்டைப் பொத்தான் போடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் இந்த மெஷினுக்கு வடசென்னையில் என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2022 டிசம்பரில் மாண்டஸ் வந்தபோதும் நிறைய போயின. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு, ஐசிஎஃப் காலனி மாதிரி பழைய மரங்கள் அடர்ந்த இடங்களில் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்தால் அடிமரமே மூன்றடி விட்டம் இருக்கும். அதை மனதில் வைத்துத்தான் பலரும் பெரிய மெஷினாகத் தேடுகிறார்கள். ஆனால் புயல் வேலை சில வாரங்கள்தான். மீதி நாளெல்லாம் கொருக்குப்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் நீண்டிருக்கும் வேப்பங்கிளையை, கேபிள் டிவி ஒயரில் படாமல் கயிறு கட்டி இறக்குகிற வேலை. எண்ணூர், மணலி பக்கம் போனால் சீமைக் கருவேலம் சுத்தம் செய்வது. விறகுத்தொட்டியில் நாள் முழுக்கத் துண்டு போடுவது. இந்த நாலு வேலைக்கும் ஒரே மெஷின் போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. (தெருமரத்தில் கைவைக்க மெஷின் இருந்தால் மட்டும் போதாது, மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது வேறு கதை.)

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொழிலில் மெஷினை வாங்குகிறவர் ஒருவர், பிடிக்கிறவர் இன்னொருவர். வாங்குகிறவர் கான்ட்ராக்ட் எடுக்கிறவர். அவருக்கு எச்பியும் விலையும் கண்ணில் படும். எடையும் அதிர்வும் நாள்கூலிக்கு வருகிறவரின் கையோடு போய்விடும், பில்லில் வராது. கடையில் அந்தக் கேள்வி எழாததற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான்.

எச்பி என்று எழுதியிருப்பது

சக்தியைச் சொல்ல மூன்று எண்கள் புழங்குகின்றன: சிசி, எச்பி, கிலோவாட். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டும்தான். ஒரே சிசி கொண்ட இரண்டு மெஷின்கள் தருகிற சக்தி வெகுவாக மாறலாம். எச்பியைக் கிலோவாட்டாக்க ஏறக்குறைய முக்கால் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 எச்பி என்றால் 3 கிலோவாட். ஒழுங்கான நிறுவனங்கள் கிலோவாட்டை, அது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) கிடைக்கிறது என்பதோடு சேர்த்து அச்சிடும். உடம்பில் பெரிய எழுத்தில் ‘58 சிசி’ என்று மட்டும் ஒட்டி, கிலோவாட்டைப் பற்றிப் பேசாத மெஷினைச் சந்தேகப்படலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மெஷின்களில் பல, பிரித்து அளந்தால் ஒட்டியிருக்கும் சிசியே இருக்காது.

தொழில்முறை மெஷினுக்கு ஒரு உதாரணம். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 261 சுமார் 50 சிசி, 3 கிலோவாட். அதே நிறுவனத்தின் எம்எஸ் 462 சுமார் 72 சிசி, 4.4 கிலோவாட். எம்எஸ் 500i என்கிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மெஷின் 79 சிசி, 5 கிலோவாட். தெருவில் ஓடுகிற ஸ்பிளெண்டர் பைக்கின் 97 சிசி எஞ்சின் தருவது 5.9 கிலோவாட்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சக்தி என்று புரியும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கிறது, பைக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. மொத்த எஞ்சினும் ஒருவர் கையில் இருக்கிறது என்பதுதான் பைக்குக்கும் இதற்கும் உள்ள இன்னொரு வித்தியாசம்.

இந்த நிலைக்கு வர வெகுகாலம் ஆனது. ஆன்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ல் செய்த முதல் மின்சார மெஷினின் எடை 48 கிலோ. பிடிக்க இரண்டு பேர் வேண்டும். 1950-ல் ஒரே ஆள் பிடிக்கும் பெட்ரோல் மெஷின் 16 கிலோவில் வந்தது. 1959-ல் வந்த கான்ட்ரா என்ற மாடல் 12 கிலோ, 6 எச்பி. இன்றைக்கு அதைவிடக் கூடுதல் சக்தி அதில் பாதி எடையில் கிடைக்கிறது.

அப்படியானால் எவ்வளவு சக்தி வேண்டும்? மரத்தின் விட்டத்தைவிட பிளேடின், அதாவது செயின் சுற்றி ஓடுகிற தகட்டின், நீளம்தான் இதற்கு நேரடியான அளவு. பிளேடு நீளமாக நீளமாக ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கும் பற்கள் கூடும், அத்தனையையும் இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். 50 சிசி வகையில் 16, அதிகம் போனால் 18 இன்ச். 60 சிசி என்றால் 20. 70-க்கு மேல் போனால்தான் 25 இன்ச் பிளேடு நிம்மதியாக ஓடும். சிறிய எஞ்சினில் நீளமான பிளேடைப் போட்டால் அது அறுக்காது, திணறும். திணறுகிற மெஷினைக் கையால் அழுத்த வேண்டியிருக்கும். நம் மரங்களில் வேம்பும் புளியும் சீமைக் கருவேலமும் கெட்டி. காய்ந்துவிட்டால் இன்னும் கெட்டி. தூங்குமூஞ்சியும் குல்மோகரும் பச்சையாக இருக்கும்போது இளக்கம், ஆனால் பருமன். மூன்றடி அடிமரத்துக்கு மூன்றடி பிளேடு வேண்டும் என்றில்லை. இரண்டு பக்கமிருந்தும் அறுத்து வந்தால் 20 இன்ச் பிளேடு போதும். வருஷத்தில் ஒரு புயலுக்காக 90 சிசி மெஷினை வாங்கி, மீதி நாளெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு முருங்கைக் கிளை வெட்டுவது வீண் வேலை.

காகிதத்தில் இருக்கும் கிலோ

எடை விஷயத்தில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது, அது தந்திரம் என்றே யாரும் நினைப்பதில்லை. விளம்பரத்தில் போடும் எடை பெட்ரோல் இல்லாமல், ஆயில் இல்லாமல், பிளேடும் செயினும் இல்லாமல். அப்படி யாரும் மரம் அறுப்பதில்லை. 6 கிலோ என்று அச்சிட்ட 72 சிசி மெஷினில் 20 இன்ச் பிளேடும் செயினும் போட்டு, இரண்டு டேங்கையும் நிரப்பினால் எட்டுக் கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே கடையில் வெறும் மெஷினைத் தூக்கிப் பார்த்து “லேசா இருக்குண்ணே” என்று முடிவுசெய்யக் கூடாது. பிளேடு மாட்டச் சொல்லுங்கள். முழங்கால் உயரத்தில் இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மூக்குப் பக்கம் சாய்கிறதா, பின்பக்கம் இழுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மொத்த எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் மாலையில் இடுப்பைப் பிடிக்கும்.

சக்தியையும் எடையையும் சேர்த்துப் பார்க்க எளிதான வழி, கிலோவைக் கிலோவாட்டால் வகுப்பது. எண் சிறிதாக இருந்தால் நல்லது. எம்எஸ் 462-க்கு 6 வகுத்தல் 4.4, சுமார் 1.4. எம்எஸ் 500i 6.2 கிலோ, அதற்கு 1.2 வருகிறது. வீட்டுத் தோட்டத்துக்கென்று விற்கும் சிறிய மெஷின்களில் இந்த எண் சாதாரணமாக 2.5-ஐத் தாண்டும். தொழில்முறை மெஷினுக்குக் கூடுதல் பணம் ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே பாதிப் பதில்: மக்னீசியத்தில் செய்த கிரான்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி உறை), நல்ல சிலிண்டர் பூச்சு, உயர்ந்த வேகத்தைத் தாங்கும் கிரான்க் (அந்த உறைக்குள் சுழலும் தண்டு). மீதிப் பாதி அதிர்வில் இருக்கிறது.

கைக்கு வந்து சேர்வது

எஞ்சின் 9,000 ஆர்பிஎம்மில் ஓடினால் பிஸ்டன் நொடிக்கு 150 முறை மேலும் கீழும் போய் வருகிறது. அதோடு செயினின் ஒவ்வொரு பல்லும் மரத்தில் மோதுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வருகின்றன. நல்ல மெஷினில் கைப்பிடிச் சட்டம் ஒரு பகுதி, எஞ்சினும் பிளேடும் இன்னொரு பகுதி. இரண்டையும் ஸ்பிரிங்கோ ரப்பர் புஷ்ஷோதான் இணைக்கும். உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். மலிவு மெஷினிலும் ரப்பர் இருக்கும், ஆனால் பெயருக்கு.

அதிர்வை முடுக்கத்தின் அலகில் அளக்கிறார்கள், அதாவது நொடிக்கு நொடி இத்தனை மீட்டர். அலகு நீளமானது என்பதால் இனி வெறும் எண்ணை மட்டும் சொல்கிறேன். கையேட்டில் முன் கைப்பிடிக்கு ஒன்று, பின் கைப்பிடிக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். இன்றைய நல்ல 50 சிசி மெஷினில் 3.5 மாதிரி வரும். பெரிய மெஷின்களிலும் பழைய வடிவங்களிலும் 7 வரை ஏறுவதுண்டு.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஐரோப்பாவில் 2002-ம் ஆண்டின் ஒரு சட்ட ஆணை இதற்கு அளவு வைத்திருக்கிறது. எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக 2.5 என்ற அளவை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. கணக்கு எளிது. 2.5-ஐ மெஷினின் எண்ணால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு எட்டால் பெருக்குங்கள். வருவது மணி நேரம். 3.5 உள்ள மெஷினுக்கு நாலு மணி நேரம் கிடைக்கிறது. 7 உள்ள மெஷினுக்கு ஒரே ஒரு மணி நேரம். எண் இரண்டு மடங்கானால் நேரம் கால்வாசியாகிவிடுகிறது, பாதியாக இல்லை. 3.5-க்கும் 5-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நாலு மணி நேரம் இரண்டு மணி நேரமாகக் குறைவதுதான் வித்தியாசம். இதில் நேரம் என்பது மெஷின் கையில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும். டீ குடிப்பதும் கயிறு கட்டுவதும் சேராது. ஆனால் புயலுக்கு மறுநாள் 7 உள்ள மெஷினை ஐந்து மணி நேரம் பிடித்தவர், தாண்டவே கூடாத அந்த 5-ஐயும் தாண்டிவிட்டார்.

கையேட்டு எண் புது மெஷினில், கூரான செயினோடு, சோதனைக்கூடத்தில் எடுத்தது என்பதையும் மறக்கக் கூடாது. அளவீட்டில் 2 வரை முன்பின் இருக்கலாம் என்று சில நிறுவனங்களே கையேட்டில் போடுகின்றன. எனவே 3.6-ஐயும் 3.9-ஐயும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 3.5-க்கும் 7-க்கும் இடையில் தேர்வு வரும்போது மட்டும் பிடிவாதமாக இருங்கள். எண்ணே அச்சிடாத மெஷின் என்றால், அதிகம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த நோய் புதிதல்ல. அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-ல் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில், காற்றழுத்தச் சுத்தியால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிர்காலக் காலையில் வெள்ளை வெளேரென்று ஆவதைப் பதிவுசெய்தார். பிறகு பெட்ரோல் மெஷின் பரவியதும் குளிர்நாடுகளின் மரவெட்டிகளுக்கும் அதே விரல் வெளுப்பு வந்தது. 1960-களில் நிறுவனங்கள் கைப்பிடியை எஞ்சினிலிருந்து பிரிக்க ஆரம்பித்ததற்கு அதுவே காரணம்.

சென்னையில் இந்த விரல் வெளுப்பைப் பார்ப்பது அரிது. குளிர் இருந்தால்தான் ரத்தக் குழாய் அப்படிச் சுருங்கும். இங்கே மார்கழியிலும் அந்தக் குளிர் கிடையாது. அதனால் நமக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிட்டோம். ஆனால் அதிர்வு ரத்தக் குழாயை மட்டும் தாக்குவதில்லை, நரம்பையும் தாக்குகிறது. வெப்ப நாடுகளில் அது வேறு வேஷத்தில் வருகிறது: விரல் நுனியில் ஊசி குத்துவது, உணர்ச்சி மங்குவது, ராத்திரி கை எரிந்து தூக்கம் கலைவது, பையில் இருக்கும் சில்லறையைத் தடவி எடுக்க முடியாமல் போவது, பிடி தளர்ந்து டம்ளர் நழுவுவது. இதைச் சொன்னால் முதலில் சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். எடுக்க வேண்டியதுதான், சர்க்கரையும் அதே குறிகளைக் காட்டும். ஆனால் சுகர் இல்லை என்று வந்த பிறகும் என்ன தொழில் செய்கிறீர்கள் என்ற கேள்வி வராவிட்டால், விஷயம் அங்கேயே நின்றுவிடும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். முற்றிய நரம்புச் சேதம் மெஷினை விட்டாலும் திரும்புவது கடினம். பீடி, சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் நிலைமையை மோசமாக்கும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கையுறை போட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. தடிமனான கையுறை அதிர்வைக் குறைப்பது கொஞ்சம்தான், பிடிக்க இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டியிருக்கும். இறுகப் பிடித்தால் அதிர்வு அதிகமாக ஏறும். கை கிழியாமல் இருக்கக் கையுறை போடுங்கள், அதிர்வுக்கு அதை நம்பாதீர்கள். அரம்தான் கையுறையைவிடப் பயன்படும். கூர் போன செயின் மரத்தைச் சீவாமல் தேய்க்கும், தூளாகக் கொட்டும், ஆள் அழுத்த ஆரம்பிப்பார். பெட்ரோல் போடும்போதெல்லாம் இரண்டு இழுப்பு அரம் போடுகிறவரின் மெஷின் அதிர்வதே தனி மாதிரி இருக்கும். இன்னொரு பழக்கம், பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறிய திமிலை ஒரேயடியாகத் தேய்த்துவிடுவது. அது ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பகுதி. பல்லைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் வேகமாக அறுக்கும் என்பது நம்பிக்கை. மெஷின் உதறும், பிளேடின் நுனி பட்டால் முகத்தை நோக்கி எகிறும், நடப்பது இதுதான்.

எதை வாங்குவது

என் கருத்தில், தொழிலாகச் செய்கிறவருக்கு ஒரு பெரிய மெஷினைவிட இரண்டு நடுத்தர மெஷின்கள் மேல். தரையில் நின்று அறுக்க 50 முதல் 60 சிசிக்குள், 3 முதல் 3.5 கிலோவாட், 18 இன்ச் பிளேடு, இரண்டு கைப்பிடியிலும் 4-க்குள் அதிர்வு. ஹஸ்க்வார்னா என்ற நிறுவனத்திலும் இதே வரிசையில் 550, 560 என்று மெஷின்கள் உண்டு. எந்த நிறுவனம் என்பதைவிட வீட்டுக்குப் பக்கத்தில் எதன் ஸ்பேரும் மெக்கானிக்கும் கிடைக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். மரத்துக்கு மேலே வேலைக்கு 35 சிசி அளவில் கைப்பிடி மேலே இருக்கிற சிறிய மெஷின், பிளேடு 12 அல்லது 14 இன்ச். இதை ஒற்றைக் கையால் பிடிக்கத் தோன்றும், அப்படிச் செய்யக் கூடாது. ஏறத் தெரிந்து, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டியவருக்கு மட்டுமே அது. 70 சிசிக்கு மேல் வேண்டியது, மாநகராட்சி வேலையோ ரயில்வே வேலையோ கான்ட்ராக்ட் எடுத்துப் பெரிய அடிமரங்களை அடிக்கடி பார்க்கிறவருக்கு. மற்றவர்கள் புயல் சமயத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

விறகுத்தொட்டிக்குப் பெட்ரோல் மெஷின் எதற்கு என்றே எனக்குப் புரிவதில்லை. பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, மெஷின் ஒரே இடத்தில் நிற்கிறது. 2,000 வாட் மின்சார மெஷின் அதிர்வும் சத்தமும் குறைவாக, புகையே இல்லாமல் அந்த வேலையைச் செய்துவிடும். பேட்டரி மெஷினும் அப்படித்தான், அறுக்காத நேரத்தில் அது ஓடுவதே இல்லை என்பதால் கைக்கு ஓய்வு கிடைக்கிறது. கிளை வேலைக்கு நல்ல தேர்வு. ஒரே தகராறு, புயலுக்கு மறுநாள் எல்லோரும் மரம் அறுக்கக் கூப்பிடும்போது தெருவில் கரண்ட் இருக்காது.

பெட்ரோல் மெஷின் வைத்திருப்பவர்கள், கையேடு எவ்வளவு எத்தனாலைத் தாங்கும் என்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கையேடுகளில் அது 10 சதவீதம்தான், பங்க்கில் இப்போது கிடைப்பது 20. கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் கேனில் வைக்காமல் அன்றன்றைக்குக் கலப்பது நல்லது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், எத்தனால் ஈரத்தை இழுக்கும், எஞ்சின் விட்டு விட்டு ஓடும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு கையால் முன் கைப்பிடியையும் மறு கையால் எஞ்சின் உடம்பையும் பிடித்து எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். மெத்தென்று அசைந்து திரும்பினால் சரி. டக்கென்று இரும்பில் இரும்பு தட்டினால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும், அல்லது பெட்ரோலும் சூடும் தின்று ரப்பர் போயிருக்கும். கையேட்டில் என்ன எண் அச்சிட்டிருந்தாலும் அது இனி அந்த மெஷினின் எண் இல்லை. புஷ் செட்டுக்கு ஆகிற காசை விலையில் கழித்துக் கேளுங்கள். அசல் புஷ் எங்குமே கிடைக்காத மெஷின் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.